பதிவாகாத பெயர்

மூன்று நாள் கரண்டு இல்லாவிட்டால் மனிதருக்குப் பைத்தியம் பிடிக்கும். வீட்டுக்கோ கரண்டு வந்த பிறகுதான் பிடிக்கும். தாமிரபரணி பொங்கி ஊருக்குள் புகுந்துவிட்டுப் போன அந்த மார்கழியில், பாளையங்கோட்டையில் பாதி வீடுகளுக்கு அப்படித்தான் பிடித்திருந்தது. மொட்டை வெயிலில் வாசல் விளக்கு எரிந்தது. தொட்டி நிரம்பி வழிந்த பிறகு மோட்டார் ஓடத் தொடங்கியது. ஒரு டாக்டர் வீட்டில் யார் குளியலறைக் கதவைத் திறந்தாலும் பூஜை அறையில் மணி அடித்தது. சாமிக்கே கூச்சமாக இருந்திருக்கும்.

என் பெயர் முப்பிடாதி. வீடுகளுக்கு மூளை வைக்கிற கம்பெனியில் சர்வீஸ் பார்க்கிறேன். "பொம்பளப் பிள்ளையவா அனுப்பியிருக்காங்க?" என்று கதவைத் திறக்கிறவர்கள் கேட்பார்கள். தொடுவது யார் என்று உங்கள் ஃபேனுக்குத் தெரியாது ஐயா, பயப்படாதீர்கள் என்பேன்.

கரண்டு வந்ததும் வீட்டில் எல்லாம் ஒரே நேரத்தில் கண் விழிக்கும். வைஃபை பெட்டி மட்டும் சோம்பேறி, மெதுவாகத்தான் எழும். அதற்குள் விளக்கும் ஃபேனும் அதைத் தேடிக் காணாமல் முறுக்கிக்கொண்டு நிற்கும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வைஃபையை முதலில், மூளைப் பெட்டியை அடுத்து, மற்றவற்றை அதற்கப்புறம் என்று ஒவ்வொன்றாக எழுப்பினால் முக்கால்வாசி வீடு புத்திக்கு வந்துவிடும். கோமதிநாயகம் ஐயா வீட்டையும் அப்படித்தான் எழுப்பிவிட்டு வந்தேன். ஒரு வாரம் கூட ஆகவில்லை, மறுபடியும் கூப்பிட்டார்.

"நீ வந்து தொட்ட பெறகுதாம்மா கெட்டுப்போச்சு. வெள்ளத்துல கூட இம்புட்டு மோசமில்ல."

அவர் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிப் பேருடைய கல்யாணமும் நிலமும் அவர் கையெழுத்தில்தான் நிற்கின்றன. மேசை மணியைத் தட்டினால் பியூன் ஓடி வந்து நிற்பான் என்று ஆயுசு முழுக்கப் பழகிவிட்டார். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்ததும் அந்த வேலை மனைவி சண்முகவடிவுக்கு வந்து சேர்ந்தது. கூடத்துச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே, வடிவு ஃபேனைக் குறை, வடிவு விளக்கைப் போடு, வடிவு யாரோ வாசலில் கூப்பிடுகிறார்கள் பார் என்று ஏவிக்கொண்டே இருப்பாராம். கனடாவிலிருந்து லீவுக்கு வந்த மகனுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அம்மா முழங்காலுக்காவது ஓய்வு கிடைக்கட்டும் என்று இந்த ஏற்பாட்டைச் செய்துவைத்துவிட்டுப் போனான். 'நிலா' என்று கூப்பிட்டால் பெட்டி கேட்கும், சொன்னதைச் செய்யும். ஐயா அன்றிலிருந்து நிலாவை ஏவத் தொடங்கினார். ஆள்தான் மாறியது, நாற்காலி மாறவில்லை.

"என்னென்ன கோளாறு, சொல்லுங்க ஐயா" என்றேன்.

விரலை மடக்கிக்கொண்டே சொன்னார். "அடுப்பு அது பாட்டுக்கு எரியுது. முன்னாடில்லாம் தானா அணஞ்சிரும். பின்வாசக் கதவு திறந்தே கெடக்கு. முன்ன தானாப் பூட்டிக்கிடும். வாளியில தண்ணி வழிஞ்சு ஓடுது. அப்புறம், இந்த நிலா எங்க வீட்டுக்காரி கூட நல்லாப் பேசிக்கிட்டு இருக்கும். இப்ப ஊமையாப் போச்சு."

அடுப்பைப் பற்றவைத்து, நிலா அணை என்றேன். அணைத்தது. கதவைப் பூட்டச் சொன்னேன், பூட்டியது. குழாய், விளக்கு, மோட்டார், எல்லாம் சொன்னபடி கேட்டன. எனக்குக் கோபம் வந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். வீட்டை நடத்தத் தெரியாமல் என் தலையில் கட்டுகிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் மறுபடி ஒரு புகார் போனால் கம்பெனியில் என்னைத்தான் கேட்பார்கள். எது எப்போது கெடுகிறதென்று இருந்து பார்த்துவிடுவோம் என்று அடுக்களையில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

வடிவம்மாவைப் பார்த்தால் யாருக்கும் பிடித்துப்போகும். சிரித்த முகம். "காப்பி குடிக்கியா பிள்ள?" என்று ஒரு டம்ளர் கொடுத்தார். குடித்து முடித்துக் கழுவி வைத்தேன். "காப்பி குடிக்கியா பிள்ள?" என்று இன்னொன்று வந்தது. உபசாரத்தில் நம் ஊர்க்காரர்களை அடித்துக்கொள்ள முடியாது, குடித்தேன். மூன்றாவது வந்தபோதும், மறுத்தால் மனசு நோகுமே என்று வாங்கிக்கொண்டேன். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அடுப்பில் எண்ணெய் காய்ந்தது. கடுகைப் போட்டார். பின்வாசலைத் திறந்து கொல்லைக்குப் போனார். கடுகு வெடித்தது, கருகியது, புகைந்தது. அவர் வரவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் வெறுங்கையோடு நின்றிருந்தார். பின்சுவரில் மாட்டியிருந்த நிலாவின் ஒலிபெருக்கியைப் பார்த்து, ரொம்ப நாள் பழகிய ஒருத்தியிடம் கேட்கிற மாதிரி மெல்லக் கேட்டார்.

"நிலா, நான் எதுக்கு வந்தேன்?"

"மன்னிக்கவும், புரியவில்லை" என்றது பெட்டி.

"எதுக்கு வந்தேன், சொல்லு தாயி."

"மன்னிக்கவும், புரியவில்லை."

அவர் முகத்தில் அப்போது வந்த தவிப்பை என்னால் மறக்க முடியவில்லை. திருவிழாக் கூட்டத்தில் கையை விட்டுவிட்ட குழந்தையின் முகம் அது. கறிவேப்பிலைக்கு வந்தீங்கம்மா என்றேன். "ஆமா, பாரேன்" என்று சிரித்து, கிள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

நான் மூளைப் பெட்டியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே பதிந்திருந்தது எல்லாம் சுத்தமாகத் துடைத்துப் போயிருந்தது. முதல் தடவை வந்தபோது அவசரத்தில் நான் இதைப் பார்க்கவில்லை. கூடத்துக்கு வந்து ஐயாவிடம் சொன்னேன்.

"ஐயா, பெட்டியில பழக்கம் எல்லாம் அழிஞ்சு போச்சு. அதான் காரணம்."

"பழக்கமா? அது என்னது?"

"இது வெறுமனே சொன்னதைச் செய்யிற பெட்டி இல்ல. வீட்டுல இருக்கிறவங்க என்ன செய்வாங்க, எதை விட்டுருவாங்கன்னு பாத்துப் பாத்துத் தானே பழகிக்கிடும். நீங்க கதவைப் பூட்டாமப் போனா அது பூட்டும். பின்னால யாரும் சொல்லவே வேண்டாம்."

"அது எப்படி அழியும்? நாங்க என்ன அழிச்சோமா?"

"பேட்டரி முழுசா இறங்கினா அழிஞ்சிரும். வேணும்னேதான் அப்படி வச்சிருக்காங்க. பெட்டியைக் களவாண்டு போறவன் கையில வீட்டு ரகசியம் போயிரக் கூடாதுல்லா? நகலும் எங்கயும் கெடையாது. மூணு நாள் கரண்டு இல்ல, போயிட்டு."

"சரி, போவட்டும். மறுபடி பழகிக்கிடட்டும். ஆனா ஒண்ணு கேக்கேன். அடுப்பை அணைக்க யாரு அதுக்குச் சொல்லிக் குடுத்தா? நான் சொல்லலியே?"

எனக்குத் தெரிந்துபோயிருந்தது. தினமும் அணையாமல் கிடந்த அடுப்பைப் பார்த்துப் பார்த்து அது பழகியிருக்கிறது. எதுக்கு வந்தேன் என்ற கேள்விக்குப் பதில் சொல்லப் பழகியிருக்கிறது. மாத்திரை போட்டாயிற்றா, இன்றைக்கு என்ன கிழமை, பால்காரனுக்கு என்ன சொன்னேன், எல்லாம் இரண்டு பேருக்குள் பேச்சாகவே நடந்திருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அந்தப் பெட்டி மறைத்திருக்கிறது, அதுவும் அன்பாக. ஆனால் ஃபேன் ரிப்பேருக்கு வந்தவள் ஒரு மனுஷனிடம் போய், உங்கள் மனைவிக்கு மறதி நோய் போலிருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? முதலில் பெட்டியைச் சரிசெய்வோம், பிறகு மகனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டேன்.

புதிதாகப் பழக்கும்போது, வீட்டில் இருப்பவர் ஒவ்வொருவரும் மற்றவர் பெயரைத் தம் குரலில் சொல்ல வேண்டும். முன்பு அதை மகனே சொல்லி முடித்திருந்தானாம். ஐயா கணீரென்று சொன்னார்: "சண்முகவடிவு." பெட்டி பச்சை விளக்கைக் காட்டியது.

"அம்மா, நீங்க ஐயா பேரைச் சொல்லுங்க."

வடிவம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "போ பிள்ள. அவுக பேரை நான் எப்படிச் சொல்ல?"

ஐயாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "கல்யாணம் ஆன நாள்லருந்து என் பேரு அவ வாயில வந்ததே கெடையாதும்மா. பயலைப் பள்ளிக்கூடத்துல சேக்கப் போயிருக்கா. அப்பா பேரு என்னன்னு கேட்டிருக்காரு எட்மாஸ்டர். இவ என்ன சொன்னா தெரியுமா? சங்கரங்கோயில்ல ஆடித்தபசுக்கு ஒத்தக் கால்ல நிப்பாள்லா, அவ பேரை எழுதிட்டு, பின்னால நாயகத்தைச் சேத்துக்கிடுங்கன்னிருக்கா. நாயகம்ங்கிறதச் சொல்லலாமாம், கோமதியச் சொல்லக் கூடாதாம்!" நாற்காலி ஆட ஆடச் சிரித்தார்.

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சொல்ல வேண்டாம்மா. அன்னைக்குச் சொன்ன மாதிரி குறிப்பு குடுங்க, போதும். நான் பேரைப் போட்டுக்கிடுதேன்."

"சொல்லு வடிவு. யாரு ஒத்தக் கால்ல நிப்பா?"

வடிவம்மா வாயிலிருந்து முந்தானையை எடுத்தார். சிரிப்பு இன்னும் உதட்டில் இருந்தது, கண்ணில் இல்லை. ஐயாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த சாமி படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஆடித்தபசு வடிவு. தபசு. சங்கரங்கோயிலு."

வடிவம்மாவின் உதடு அசைந்தது. பிறகு, கொல்லையில் நின்றபோது செய்ததைப் போலவே, ஒலிபெருக்கி பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நிலா, அவுக பேரு என்ன?"

"மன்னிக்கவும். அந்தப் பெயர் இன்னும் பதிவாகவில்லை."

நாற்காலி ஆடுவது நின்றது. சொல்லவே கூடாது என்று ஆயுசெல்லாம் பொத்தி வைத்த பெயர், எப்போது போனது என்று அவருக்கே தெரியாமல் போயிருக்கிறது. வழக்கத்தை மீறாத உத்தமி என்று ஊரும் ஐயாவும் மெச்சிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

வடிவம்மாவின் நெற்றியில் வியர்த்திருந்தது. ஐயா நாற்காலியை விட்டு எழுந்தார். சுவர்ப் பக்கம் போய் ஃபேனுக்கான சுவிட்சைத் தேடினார். எது என்று தெரியவில்லை. ஒன்றைத் தட்டினார், வாசல் விளக்கு எரிந்தது. இன்னொன்றைத் தட்டினார், ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவதாக ஃபேன் சுற்றியது. "உக்காரு வடிவு" என்றார்.

என்னை வழியனுப்ப வாசல்வரை வந்தார். வண்டியை எடுக்கவிடாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"எவ்வளவு நாளா இருக்கும்?"

"தெரியல ஐயா. பெட்டி இவ்வளவு பழகியிருக்குன்னா, வருசக்கணக்குல இருக்கும்."

"ஒரே வீட்டுலதான் இருக்கேன். ஒரு பெட்டிக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியல." திடீரென்று அவருக்குக் கோபம் வந்தது. "தெரிஞ்சது எங்கிட்ட ஏம்மா சொல்லல? அது வாய் பேசுதுல்லா?"

"அதுக்குச் சொல்லத் தெரியாது ஐயா. வீட்டுல யாருக்கும் சிரமம் தெரியாமப் பாத்துக்கிடணும், அதுதான் அதுக்கு வேலை. கோளாறைச் சரி பண்ணும். கோளாறு இருக்குன்னு சொல்லாது."

"அவளும் சொல்லலியே."

"பயந்திருப்பாங்க ஐயா."

தெருப் பக்கம் திரும்பினார். வெள்ளம் வந்துபோன சேற்றுக் கோடு எதிர்வீட்டுச் சுவரில் இடுப்பளவுக்கு அப்படியே இருந்தது. பிறகு, சம்பள உயர்வு கேட்கிற குமாஸ்தா போலக் குரல் இறங்கிக் கேட்டார்.

"ஒரு உதவி செய்வியா? நான் அவ இருக்கிற எடத்துக்கு வரும்போதெல்லாம் அது என் பேரைச் சொல்லணும். அவ கேக்காமலே சொல்லணும். கேக்கிற மாதிரி வச்சிராத, அவளுக்குக் கூச்சமா இருக்கும்."

உள்ளே போய் வைத்துக் கொடுத்தேன். அவர் அடுக்களையில் கால் வைத்ததும், "கோமதிநாயகம் வந்திருக்கிறார்" என்றது நிலா. வடிவம்மா வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டார்.

டாக்டரிடம் காட்டினார்கள். மெதுவாக்கலாம், நிறுத்த முடியாது என்று சொன்னாராம். இதை ஐயாவே போனில் சொன்னார். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து புகார் எதுவும் வரவில்லை. பெட்டி பழகிவிட்டது போலும் என்று நானும் என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆடித்தபசு முடிந்த வாரம் அழைப்பு வந்தது. நிலா குறுக்கே பேசுகிறது, உடனே வரவும் என்று.

போனபோது சாய்வு நாற்காலியில் வடிவம்மா உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். தலை வாரிப் பூ வைத்திருந்தது. பின்னல் கோணலாக இருந்ததால் யார் பின்னியது என்று தெரிந்தது. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை, ஆனாலும் சிரித்தார். பிறகு சுவரில் இருந்த ஒலிபெருக்கியைப் பார்த்து, கொஞ்சமும் கூச்சமில்லாமல், உரக்கக் கூப்பிட்டார்.

"கோமதிநாயகம், ஃபேனப் போடு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஃபேன் சுற்றியது. அதே சமயம் நிலாவும் பேசியது: "கோமதிநாயகம் உங்கள் அருகில் இருக்கிறார்."

வடிவம்மா திடுக்கிட்டு அக்கம்பக்கம் பார்த்தார். நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "யாரு? யாரு இருக்கா?" என்றார்.

அவருக்குப் பின்னால், சுவிட்ச் பலகைக்குப் பக்கத்தில், சுவரோடு சுவராக ஐயா நின்றிருந்தார். விரல் இன்னும் ஃபேன் சுவிட்சின் மேல் இருந்தது. என்னைப் பார்த்து உள்ளே வா என்று தலையை அசைத்தார். அடுக்களைக்குப் போனோம்.

"தெனமும் அந்தப் பெட்டி என் பேரைச் சொல்லிச் சொல்லி, அந்தப் பேரு பெட்டியோடதுன்னு நெனச்சுக்கிட்டா" என்றார். "பெட்டியத்தான் கூப்பிடுதா. கூப்பிட்டுட்டுப் போவட்டும். ஆனா அது உடனே, பக்கத்துல இருக்கார்னு சொல்லுது. திரும்பிப் பாத்தா யாரோ கெழவன் நிக்கான். பயந்துருதா."

"அவ்வளவுதானே ஐயா? கூப்பிடுற பேரையே மாத்திருவோம். நிலாங்கிறதை எடுத்துட்டு உங்க பேரை வச்சிட்டா, அம்மா கூப்பிட்டதும் பெட்டியே எல்லாம் செஞ்சிரும். நீங்க இப்படி நின்னுக்கிட்டே இருக்க வேண்டாம்."

அவர் தலையை ஆட்டினார். "வேண்டாம்மா."

"வயசான காலத்துல எத்தனை தடவை எந்திரிப்பீங்க?"

"அவ வாயால என் பேரைக் கேக்கதுக்கு எனக்கு இம்புட்டு வருசம் ஆயிருக்கு" என்றார். "அதை ஒரு பெட்டிக்குக் குடுத்துருவேனா? அது பேச்சை நிறுத்திரு. காதையும் அடைச்சிரு. எதையும் அது செய்யக் கூடாது. அந்தப் பச்ச லைட்டு மட்டும் எரியட்டும். அது எரிஞ்சாத்தான், கேக்குதுன்னு நம்பிக் கூப்பிடுவா."

என் வேலை பழுதான வீட்டைச் சரிசெய்வது. அன்றைக்கு நன்றாக இருந்த ஒரு பெட்டியைக் கெடுத்தேன். உள்ளிருந்த மூளையைக் கழற்றி எடுத்து, பச்சை விளக்குக்கு மட்டும் கரண்டு போகும்படி இரண்டு கம்பிகளை இணைத்து, மூடியை முடுக்கினேன். கண் கலங்கியதால் ஸ்குரூ இரண்டு முறை கைநழுவிக் கீழே விழுந்தது.

கிளம்பும்போது வடிவம்மா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தார். காதோடு கேட்டார்.

"அந்தா நிக்காங்கல்லா, அவுக யாரு பிள்ள?"

"உங்களுக்கு வேண்டியவங்கதாம்மா" என்றேன்.

"நல்ல மனுசர். எந்நேரமும் நின்னுக்கிட்டே இருக்காரு, பாவம். காலு வலிக்காது? உக்காரச் சொல்லேன்."

ஐயாவுக்குக் காதில் விழுந்திருக்கிறது. அன்றைக்கு அடுக்களையில் நான் உட்கார்ந்திருந்த முக்காலி இப்போது சுவரோரம் கிடந்தது, அதை இழுத்துப் போட்டு, மனைவி சொன்னதற்காக உட்கார்ந்தார். வடிவம்மா திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, மூளையில்லாத பெட்டியின் பச்சை விளக்கை நிமிர்ந்து பார்த்தார்.

"கோமதிநாயகம், லைட்டப் போடு."

ஐயா எழுந்தார்.